கடல் தாண்டிப் போன பிள்ளை

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த சில மாதங்களில் நம்ம கிளைகளில் ஒரு மாற்றம் தெரியும். பஜனைக்கு மிருதங்கம் வாசித்த தம்பியைக் காணோம், மருத்துவம் படிக்க இந்தியாவுக்குப் போயிட்டார் என்பாங்க. சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தங்கை ஆஸ்திரேலியாவில் இருப்பார். ஜொகூர் பிள்ளைகள் பாதிப் பேர் சிங்கப்பூரில்.

வழியனுப்பும்போது நாம் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் இரண்டு வகைதான். "நம்ம பண்பாட்டை மறந்துடாதேப்பா" என்பார்கள் பெரியவர்கள். "ரொம்ப வித்தியாசமா தெரியாதடா, ஊரோட ஒத்துப் போ" என்பார்கள் நண்பர்கள். இரண்டும் அன்பாகச் சொல்வதுதான். ஆனால் முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, எதை விடாமல் பிடிப்பது, எதை மாற்றிக்கொள்வது என்று இந்த இரண்டு புத்திமதியும் சொல்லித் தராது.

இந்த மாதப் பாடத்தில் அதை ஒரு 18 வயதுப் பிள்ளையின் கதையை வைத்துப் பார்க்கலாம். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. ரூபாய் நோட்டில் சிரிக்கும் தாத்தாவைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. நாம் பார்க்கப் போகும் மோகன்தாஸ் பெரிய கூச்சக்காரர். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆங்கிலம் தடுமாறும். கல்லூரியில் ஒரு பருவம் படித்து, பாடம் ஒன்றும் பிடிபடாமல் வீடு திரும்பியவர். பிற்காலத்தில் குஜராத்தியில் அவர் எழுதிய 'சத்திய சோதனை'யில், முதல் பாகம் 11ஆம் அத்தியாயத்திலிருந்து தம் லண்டன் வாழ்க்கையை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். மகாத்மாவின் வரலாறு என்று பயந்து ஒதுக்கிடாதீங்க. பல இடங்களில் நம்ம ஹாஸ்டல் கதை மாதிரியே இருக்கும்.

மூன்று வாக்குறுதி

மோகன்தாஸின் தந்தை 1885இல் காலமாகிவிட்டார். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் படித்து வந்தால் குடும்பம் தலைநிமிரும் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொல்ல, அண்ணன் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். தாயார் புத்லிபாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. அங்கே போகிற பிள்ளைகள் இறைச்சி சாப்பிடுகிறார்கள், மது இல்லாமல் இருக்க முடியாதாம் என்றெல்லாம் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். கடைசியில் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு ஜைனத் துறவி முன்னிலையில், மதுவையும் மாமிசத்தையும் பெண்களையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்து கொடுத்த பிறகே அந்த அம்மா சம்மதித்தார். மோகன்தாஸுக்கு 13 வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கிளம்பும்போது மனைவி கஸ்தூர்பாவின் கையில் சில மாதக் குழந்தை.

பம்பாயில் இன்னொரு தடை வந்தது. கடல் தாண்டுவது நம் மதத்துக்கு ஆகாது என்று அவருடைய சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். போகத்தான் போகிறேன் என்று கூச்சக்காரப் பிள்ளை எழுந்து சொல்லிவிட்டார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே பிறகு விளங்கவில்லையாம். அவரைச் சாதியை விட்டு விலக்கினார்கள். அவருக்கு உதவுகிறவர்களுக்கும் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம் என்றும் தீர்ப்பாச்சு. அபராதத்துக்குப் பயந்தோ என்னவோ, அண்ணன் கொடுத்து வைத்திருந்த பயணப் பணத்தை மைத்துனர் தர மறுத்துவிட, நண்பரிடம் கடன் வாங்கி, 1888 செப்டம்பர் 4ஆம் தேதி கப்பல் ஏறினார்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. கடல் தாண்டினால் தர்மம் போய்விடும் என்று சொன்னவர்களும் இந்துக்கள்தான். மூன்று வாக்குறுதியை வாங்கிக்கொண்டு "போய் வா" என்று அனுப்பிய தாயாரும் இந்துதான். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறி இந்த மண்ணுக்கு வந்த நம்ம முன்னோர்கள் முதல் வகைப் பேச்சைக் கேட்டிருந்தால், இந்த இதழை எழுத நானும் இல்லை, படிக்க நீங்களும் இல்லை.

பசியும் தூக்கமும்

கப்பலில் முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்க வெட்கம். ஆகவே சாப்பாட்டு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தையும் பழத்தையும் அறையிலேயே தின்றார். செப்டம்பர் கடைசியில், பொருத்தமாக இருக்குமென்று நினைத்து வெள்ளை ஃபிளானல் உடை போட்டுக்கொண்டு இறங்கினார். சுற்றிப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான்! மாற்று உடை இருந்த பெட்டி கைக்கு வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. அந்தக் கோலத்திலேயே ஹோட்டலில் காத்திருந்தார். புது நாட்டில் முதல் நாள் தப்பான சட்டை போட்டுப் போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நல்ல துணைதான் கிடைச்சிருக்கு.

அங்கே அவரைப் பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை ஆசையாக எடுத்து, தப்பான பக்கமாகத் தடவி, அதன் வழவழப்பைக் கெடுத்தார் மோகன்தாஸ். முதல் பாடம் அங்கேயே கிடைத்தது. பிறர் பொருளைத் தொடக் கூடாது, பழகிய உடனே நம்ம ஊரில் கேட்பது போல் சொந்த விஷயங்களைக் கேட்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, பார்ப்பவர்களை எல்லாம் "சார்" என்று கூப்பிடக் கூடாது. இதையெல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அந்த ஊர் மரியாதையைக் கற்றுக்கொள்வதில் அவருடைய தர்மத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை.

இரவுதான் கொடுமை. ஆட்கள் புதிது, பழக்கம் புதிது, வீடுகள்கூட வேறு மாதிரி. தாயார் நினைவு வரும், கண்ணீர் வழியும், தூக்கம் வராது. இங்கிலாந்தும் பிடிக்கவில்லை, ஊருக்குத் திரும்பவும் முடியாது. இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. 19 வயது அவருக்கு அந்த நாட்களில்தான் நிறைந்தது.

பிறகு வயிறு. ரிச்மண்டில் ஒரு நண்பரோடு தங்கியபோது உப்பும் உறைப்பும் இல்லாமல் வேகவைத்த காய்கறி. இரண்டு மூன்று ரொட்டித் துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். அந்த நண்பருக்கோ கோபம். படிப்பறிவில்லாத தாயாரிடம் இந்த ஊரைப் பற்றித் தெரியாமல் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று தினமும் வாதம் செய்தார், பெந்தாமின் தத்துவ நூலையே எடுத்து வாசித்துக் காட்டினார். இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வாதம் எனக்குப் புரியவில்லை, ஆனால் கொடுத்த வாக்கை உடைக்க முடியாது என்பதுதான் அவருடைய பதில். அடுத்து தங்கிய வீட்டில் வீட்டுக்கார அம்மாவின் இரண்டு பெண்களும் "இன்னொரு துண்டு எடுத்துக்கோங்க" என்று வற்புறுத்துவார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் அந்தப் பசி அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பெண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

சத்தியம் அவரைக் காப்பாற்றியது என்று இந்த இடத்தில் பாடத்தை முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அறையில் கிடந்திருந்தால் பசியிலும் ஏக்கத்திலும் வாடியிருப்பார். அவர் வெளியே கிளம்பினார், அதுதான் விஷயம். லண்டனில் சைவ உணவகங்கள் உண்டு என்று வீட்டுக்கார அம்மா சொன்னதைக் கேட்டு, தினமும் 10, 12 மைல் நடந்து தேடினார். ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. வாசலிலேயே விற்பனைக்கு இருந்த ஹென்ரி சால்ட்டின் சைவ உணவு பற்றிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறார உண்டது அன்றுதான்.

வயிறு நிறைந்ததைவிட முக்கியமானது அந்தப் புத்தகம். அதுவரை தாயாருக்காகத்தான் அவர் மாமிசம் தொடாமல் இருந்தார். உள்ளூர, இந்தியர் எல்லாரும் மாமிசம் சாப்பிட்டால்தான் பலம் பெறுவார்கள், நாமும் ஒரு நாள் சாப்பிடலாம் என்ற எண்ணம் இருந்தது. புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த பிறகு, சைவம் அவருடைய சொந்த முடிவு ஆயிற்று. வீட்டில் வாங்கி வந்த ஒரு பழக்கத்துக்கு, வேற்று நாட்டில், வேற்று மனிதர் எழுதிய நூலில் காரணம் கிடைத்தது. நம்மில் சைவம் சாப்பிடாதவர்களும் நிறைய இருக்கிறோம், பாடம் தட்டில் என்ன இருக்கிறது என்பது பற்றியது இல்லை. அம்மா சொன்னார் என்பதற்காகச் செய்வது ஒரு நிலை. ஏன் செய்கிறேன் என்று எனக்கே தெரிந்து செய்வது இன்னொரு நிலை. ஊரில் இருக்கும்வரை முதல் நிலையே போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். புது நாட்டில் அறைத்தோழன் முதல் வாரமே கேட்பான்: "நெற்றியில் அது என்ன? ஏன் வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டேங்கிற?"

19 ஷில்லிங் தொப்பி

ரிச்மண்ட் நண்பர் விடவில்லை. ஒரு நாள் நாடகத்துக்கு முன்னால் ஹால்போர்ன் என்ற பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். முதலில் சூப் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நண்பரிடம் கேட்கப் பயந்து, மோகன்தாஸ் பரிமாறுபவரைக் கூப்பிட்டார். நண்பருக்கு மானம் போயிற்று. நாகரிகமாக நடக்கத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறு எங்காவது சாப்பிட்டுக் காத்திரு என்றார். இவர் சந்தோஷமாக வெளியே வந்தார். பக்கத்தில் இருந்த சைவ உணவகம் பூட்டிக் கிடந்தது. அன்று இரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார்.

நண்பர் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை, அக்கறையில்தான் செய்தார் என்று தெரியும். ஆனால் ஒரு முடிவு எடுத்தார். சாப்பாட்டில் விட்டுக்கொடுக்க முடியாது, மற்ற எல்லாவற்றிலும் அசல் ஆங்கிலக் கனவானாக மாறிக் காட்டுவோம் என்று. 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலை நேர உடை. கடிகாரத்துக்கு இரட்டை வடத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று அண்ணனுக்குக் கடிதம். டை கட்டவும் தலைமுடியை வகிடெடுத்துப் படிய வைக்கவும் தினம் 10 நிமிடம் கண்ணாடி முன்னால். நடன வகுப்புக்கு 3 பவுன். பியானோ ஒரு பக்கம் போக, இவர் கால் வேறு பக்கம் போகும். காதுக்குத் தாளம் பழகட்டும் என்று இன்னொரு 3 பவுனில் வயலின். பேச்சுக் கலை கற்க ஓர் ஆசிரியர்.

சிரிப்பு வருதில்ல? ஆனா புது ஊருக்குப் போன முதல் மாதமே பேச்சு வழக்கை மாற்றி, பேரைச் சுருக்கி, நண்பர்கள் போட்டிருக்கும் அதே காலணியைக் கடன் வாங்கி வாங்குறதும் இதே பைத்தியம்தான். மோகன்தாஸுக்கு இது மூன்று மாதத்தில் தெளிந்தது. இங்கிலாந்திலேயே காலம் முழுக்க இருக்கப் போவதில்லை, நடனம் ஆடினால் எப்படிக் கனவான் ஆவோம், நாம் வந்தது படிக்க என்று தம்மையே கேட்டுக்கொண்டு வகுப்புகளை நிறுத்தினார். வயலினை விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே கேட்டார்.

எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார் என்று நினைக்காதீங்க. சுத்தமாக, ஒழுங்காக உடுத்தும் பழக்கத்தைப் பல வருடம் விடவில்லை. கூடவே வரவு செலவை ஒரு காசு விடாமல் எழுத ஆரம்பித்தார். தபால்தலை, வண்டிச் சத்தம் எல்லாமே கணக்கில் வரும். நடந்தே போகும் தூரத்தில் அறை எடுத்தார், பிறகு ஒரே அறைக்கு மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சி, ஒரு நாளை 1 ஷில்லிங் 3 பென்ஸில் ஓட்டினார். லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதல் முறை லத்தீனில் தோற்று, மறுபடி எழுதித் தேறினார்.

மறைத்த ஒரு விஷயம்

அந்தக் காலத்து இந்திய மாணவர்கள் பலர் தங்களுக்குக் கல்யாணமானதை இங்கிலாந்தில் சொல்ல மாட்டார்கள். அங்கே மாணவர்கள் கல்யாணம் செய்வதில்லை, ஆகவே வெட்கம். மோகன்தாஸும் அப்படியே இருந்தார், ஒரு குழந்தைக்குத் தகப்பனாக இருந்தும். முதல் வருடம் பிரைட்டனுக்குப் போனபோது, ஹோட்டலில் பிரெஞ்சு மொழியில் இருந்த உணவுப் பட்டியலைப் பார்த்து விழித்தவருக்கு வயதான அம்மையார் ஒருவர் உதவினார். லண்டனில் தம் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வரச் சொன்னார். அங்கே ஓர் இளம் பெண்ணையும் அறிமுகம் செய்து, இருவரையும் தனியே பேச விடுவார். கதை எங்கே போகிறது என்று மோகன்தாஸுக்குப் புரிந்தது.

பல முறை திருத்தி எழுதி, அந்த அம்மையாருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். எனக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒரு மகன் இருக்கிறான், இதை மறைத்தது தவறு, இனி உங்கள் வீட்டுக்கு வரத் தகுதி இல்லை என்று நினைத்தால் சொல்லிவிடுங்கள் என்ற பொருளில். பதில் உடனே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம், வரும் ஞாயிறு வழக்கம்போல வாருங்கள், உங்கள் கல்யாணக் கதையைக் கேட்கணும் என்று! எதைச் சொன்னால் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று பயந்தாரோ, அதையே அவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். எல்லாருக்கும் இப்படி நல்ல பதில் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சில இடத்தில் கிண்டல்தான் கிடைக்கும்.

கீதை கிடைத்த இடம்

இரண்டாவது வருடக் கடைசியில், பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் கீதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தைச் சேர்ந்து படிக்க வா என்று மோகன்தாஸைக் கூப்பிட்டார்கள். இந்துப் பிள்ளை, கீதை தெரிந்திருக்கும் என்று நம்பிக் கூப்பிட்டார்கள். அவரோ அதைச் சமஸ்கிருதத்திலும் படித்ததில்லை, குஜராத்தியிலும் படித்ததில்லை. வெட்கத்தோடு அதைச் சொல்லிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து படித்தார். பிற்காலத்தில் தாயைப் போல் நினைத்துத் திரும்பத் திரும்பப் போன நூலை, அவர் முதலில் கண்டது லண்டனில்.

நம்மில் எத்தனை பேருக்கு இந்த நிலை? வீட்டில் பூசை அறை இருக்கு, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போறோம். "முருகன் ஏன் வேல் வைத்திருக்கிறார்?" என்று வெளிநாட்டுத் தோழி கேட்டால் இரண்டு வாக்கியம் சொல்ல வருமா? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு, மோகன்தாஸ் மாதிரி சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

சைவ உணவகத்துக்குப் போய் வந்த பழக்கத்தில் அவர் லண்டன் சைவ சங்கத்தில் சேர்ந்தார், நிர்வாகக் குழுவிலும் இடம் கிடைத்தது. 1891இல் அவர்களுடைய பத்திரிகையில் இந்தியர்களின் உணவு பற்றியும் பண்டிகைகள் பற்றியும் எழுதினார். எந்த வாக்குறுதி அவரை ஊரோடு ஒட்டவிடாது என்று நண்பர் பயந்தாரோ, அந்த வாக்குறுதிதான் அவருக்கு அங்கே நண்பர்களைக் கொடுத்தது. ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். எங்கே தெரியுமா? சூப்பைப் பற்றிக் கேட்டதற்காக எழுந்து போன அதே ஹால்போர்ன் உணவகத்தில். நிர்வாகியிடம் பேசி முழுக்கச் சைவச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார். பேச எழுந்தபோது மட்டும் தயாரித்து வந்தது எல்லாம் மறந்துபோய், ஒரே வரியில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூச்சம் அப்போதும் போகவில்லை.

1891 ஜூன் 10இல் பாரிஸ்டர் ஆனார், 12இல் கப்பல் ஏறினார். தாயார் இடையில் இறந்துபோயிருந்தார். வெளிநாட்டில் தனியாக இருக்கும் தம்பி தாங்க மாட்டார் என்று அண்ணன் அதைச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றி வந்த சேதியைச் சொல்ல அவருக்குத் தாயார் இல்லை.

வகுப்பில் பேச

மோகன்தாஸைப் பற்றி மட்டும் பேசிக் கலைந்துவிட வேண்டாம். ரொட்டி எடுத்துக்கச் சொன்ன அந்தப் பெண்களுக்கு வருவோம். பிரைட்டன் அம்மையாருக்கும் வருவோம். நம்மில் பெரும்பாலோர் வெளிநாடு போகப் போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பெற்றோரின் வேலைக்காக வந்து, நம்ம பள்ளியில், நம்ம அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது நல்லாவே தெரியும். நம்ம கடையில் "என்ன தண்ணி வேணும்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை திகைச்சுப் போகும், அவங்க ஊரில் அந்தச் சொல்லுக்கு மது என்றும் பொருள் உண்டு. "பசியாறியாச்சா?" என்றாலும் ஒரு நிமிஷம் யோசிக்கும். நாம் சிரிக்கிறோம். அவங்க தமிழைப் போலப் பேசிக் காட்டுறோம். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வகுப்புக்கு வராது. ஏன் வரலைன்னு நாமும் கேட்கிறதில்லை.

ஆகவே இந்த மாத வகுப்பில் மூன்று விஷயம் பேசுங்க. நீங்கள் நாளைக்கே வெளியூர் போனால் எதை மாற்ற மாட்டீங்க, அதற்குக் காரணம் உங்கள் வாயால் சொல்ல முடியுமா? எதை நீங்கள் மறைப்பீங்க? மூன்றாவது, உங்கள் கிளைக்குப் புதிதாக வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் வகுப்பு முடிந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டு, பசியாற உங்களோடு கூட்டிக்கொண்டு போங்க.